இரண்டு சென்ட் மேசை

சீட்டுக்கட்டை வைத்து ஆடும் ஆட்டங்களில் எது உசத்தி என்று யாராவது கேட்டால் என் பதில் தயாராக இருக்கிறது. போக்கர். அதிலும் டெக்ஸஸ் ஹோல்டம். அதை இணையத்தில், உண்மையான பணம் வைத்து, இருப்பதிலேயே மலிவான மேசையில் உட்கார்ந்து ஆட வேண்டும். லண்டனுக்குக் குடிவந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பித்து இது. இன்னும் கற்றுக்குட்டிதான் நான். ஆனால் கற்றுக்குட்டியாக இருக்கும்போதே இவ்வளவு சந்தோஷம் தருகிற ஆட்டம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

விதிகளை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, திறந்து. முதலில் மூன்றை ஒன்றாகத் திறப்பார்கள், அது பிளாப். நாலாவது டர்ன். ஐந்தாவது ரிவர். உங்கள் இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்குப் பணம். சீட்டு விழ விழப் பந்தயம் கட்டலாம், அடுத்தவர் கட்டியதற்குச் சமமாகப் போடலாம், ஏற்றலாம், போதும் என்று ஃபோல்டு செய்து ஒதுங்கலாம். சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் பணம் வைத்தாக வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். அந்தச் சின்னத் தொகையைக் கைப்பற்றத்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.

மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று காத்திருப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. போக்கரில் சீட்டு வராத கையிலும் வேலை இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஏன் இப்போது ஏற்றினார், போன சுற்றில் ஏன் சும்மா இருந்தார், அவர் கையில் என்னென்ன இருக்க முடியாது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் மோதுவது நம்மைப் போன்ற ஆட்களோடு. ஆட்டத்தை நடத்தும் தளம் கைகளில் சேரும் பணத்திலிருந்து ரேக் என்று ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், யார் ஜெயிக்கிறார் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. 

'பணம் எதற்கு, இலவசமாகவே ஆடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. இலவச மேசைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் ஃபோல்டு செய்வதில்லை. கையில் குப்பை இருந்தாலும் மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளுவார்கள், தீர்ந்தால் தளம் மறுபடி கொடுத்துவிடும். இழக்க ஒன்றுமில்லாதவரைப் பயமுறுத்த முடியாது, பயமுறுத்த முடியாத இடத்தில் பிளஃப், அதாவது நல்ல கை இருப்பதுபோல் பாசாங்கு, இல்லை, பிளஃப் இல்லாவிட்டால் போக்கரே இல்லை. அதே ஆட்டத்தில் பிளைண்டை 1 சென்ட், 2 சென்ட் என்று வைத்துப் பாருங்கள். பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கோடு, அதாவது வெறும் 2 டாலரோடு, மேசையில் உட்காரலாம். லண்டனில் ஒரு காபிகூட அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தச் சில்லறைக்கே ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்! காசு சின்னது, ஆனால் நிஜம். போக்கர் உயிர்பெற அது போதும்.

ஒரு கையை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு பேர் மேசை. டீலர் பட்டன் என்னிடம். அதாவது பிளாப்புக்குப் பிறகு எல்லோரும் பேசிய பின் கடைசியாகப் பேசுகிறவன் நான். போக்கரில் இதைவிட நல்ல இருக்கை கிடையாது. கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஜாக்கி. 6 சென்ட்டுக்கு ஏற்றினேன். பெரிய பிளைண்டில் இருந்தவர் மட்டும் சமமாகப் போட்டார், மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நடுவில் 13 சென்ட். பிளாப்பில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று. ஜோடிகூட எனக்குச் சேரவில்லை. ஆனால் இன்னொரு இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃபிளஷ், அதுவும் ஏஸ் தலையில் நிற்கிற ஃபிளஷ். அவர் 6 சென்ட் கட்டினார். நானும் போட்டேன். நடுவில் 25 சென்ட்.

டர்ன் கிளாவர் இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. இந்த முறை அவர் கட்டவில்லை, 'செக்' என்று என் பக்கம் தள்ளிவிட்டார். திரையில் என் பெயருக்குக் கீழே நேரக்கோடு தேயத் தொடங்கியது. ராஜா வைத்திருந்தால் மறுபடி கட்டியிருப்பாரே? ஒரு எட்டோ, சின்ன ஜோடியோ வைத்துக்கொண்டு தயங்குகிறார் போலிருக்கிறது. நான் 17 சென்ட் கட்டினால் ஜெயிக்கப்போவது 25. பத்தில் நாலு முறை அவர் ஒதுங்கினாலே முதலுக்கு மோசமில்லை. ஒதுங்காமல் வந்தாலும் நான் பார்க்காத 46 சீட்டில் 9 இஸ்பேட் மிச்சம் இருக்கிறது, ஐந்தில் ஒரு முறை என் ஃபிளஷ் வந்துவிடும். இரண்டு வழியிலும் ஜெயிக்கலாம்! 17 சென்ட் கட்டினேன். இப்போது தேய்வது அவருடைய நேரக்கோடு. பாதி போயிற்று, முக்கால் போயிற்று. கடைசியில் அவருடைய இரண்டு சீட்டும் சாம்பல் நிறமாகி மறைந்தன. ஃபோல்டு.

ரேக் போக லாபம் 12 சென்ட். நம்மூர்க் காசில் பத்து ரூபாய் சொச்சம். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கையில் ஒன்றுமே சேராமல், யோசித்து மட்டுமே ஜெயித்த பத்து ரூபாய்! சேரக்கூடிய கையை வைத்துக்கொண்டு அடிக்கும் இந்த வகைப் பிளஃபுக்கு 'செமி பிளஃப்' என்று பெயர் சூட்டியவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. போக்கரின் தத்துவம் பற்றி அவர் எழுதிய புத்தகம் தலைமுறைகளாகப் பாடநூல். அதை வாசித்துத்தான் எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்டது.

பள்ளியில் நிகழ்தகவு எனக்குக் கசந்த பாடம். இப்போது அதே கணக்கை ஆசையாகப் போடுகிறேன். 52 சீட்டில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஜோடி ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை. பிளாப் விழுந்த பிறகு, நம்மைக் காப்பாற்றும் சீட்டுகளை எண்ணி நாலால் பெருக்கினால் ரிவருக்குள் அது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். டர்ன் தாண்டிவிட்டால் இரண்டால் பெருக்கினால் போதும். ஒன்பது இஸ்பேட் என்றால் முதலில் 36, பிறகு 18. கால்குலேட்டர் போட்டுப் பார்த்தால் 35, 19.6 என்று வருகிறது. வாய்க்கணக்குக்கு இதைவிடத் துல்லியம் வேண்டுமா?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபோல்டின் ருசியைத்தான். வருகிற கைகளில் பெரும்பாலானவற்றைப் பிளாப்புக்கு முன்பே விட்டுவிட வேண்டும். சலிப்பாக இருக்குமே என்பார்கள். இருக்காது. ஒதுங்கி உட்கார்ந்து மற்ற ஐந்து பேரையும் கவனிக்கும் அந்த நிமிஷங்களில்தான் யார் எதற்கெடுத்தாலும் ஏற்றுகிறவர், யார் நல்ல கை வந்தால் மட்டும் அசைகிறவர் என்பது பிடிபடும். இணையத்தில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. ஆடிய ஒவ்வொரு கையும், எந்தச் சீட்டு, யார் எவ்வளவு கட்டினார் என்று வரி வரியாகப் பதிவாகிவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொரு முடிவையும் மறுபடி எடைபோடுவது எனக்கு ஆடுவதற்குச் சமமான இன்பம். கேசினோ மேசையில் இந்தப் பாக்கியம் ஏது?

இந்த ஆட்டத்தின் பெரிய கதைகூடச் சின்னப் பணத்தில் தொடங்கியதுதான். டென்னஸியைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி ஒரு இணையப் போட்டியில் ஜெயித்தார். அதன் வழியாக 2003இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போனார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆட்டக்காரர்கள் 839 பேர். கடைசியில் எதிரே மிஞ்சியவர் பழம் தின்று கொட்டை போட்ட சாமி ஃபர்ஹா. இறுதி மோதலின் ஒரு கையில் மணிமேக்கருக்கு ஃபிளஷும் அமையவில்லை, வரிசையும் அமையவில்லை. ராஜா ஒன்றைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியும் முழுச் சிப்பையும் நடுவில் தள்ளினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா வெகுநேரம் யோசித்துச் சீட்டைப் போட்டுவிட்டார். மணிமேக்கர் பட்டம் வென்றார், பரிசு 25 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். அந்தக் கையின் காணொளியை நான் பார்க்காத வாரம் இல்லை.

மேதைகளும் இந்த ஆட்டத்தில் சொக்கிப்போனவர்களே. ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கும் பிளஃபுக்கும் தனி இடம் கொடுத்தார். நன்றாக ஆடுகிறவன் அவ்வப்போது பிளஃப் அடித்தே ஆகவேண்டும் என்பதை அவர் கணிதமாகவே காட்டினார். கணினிக்கும் இந்த ஆட்டம் எளிதில் வசப்படவில்லை. 1997இலேயே சதுரங்க உலக சாம்பியனைக் கணினி வீழ்த்திவிட்டது. எல்லையில்லாப் பந்தய ஹோல்டமில் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வெல்ல அதற்கு 2017 வரை பிடித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நிரல் அந்த ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நாலு பேரோடு 1,20,000 கைகள் ஆடித்தான் ஜெயித்தது. சதுரங்கத்தில் எல்லாம் பலகையிலேயே தெரியும். எதிராளி கையில் இருப்பது தெரியாமல் முடிவெடுப்பது அதைவிடச் சிரமம், அதைவிட அழகு.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் நேராகப் பேசிவிடுகிறேன். பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளத்தில் மட்டுமே ஆடுகிறேன். வயதைச் சரிபார்க்காமல் அங்கே பணம் போட முடியாது. 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பணம் கட்டவும் தடை. மாதம் இவ்வளவுக்கு மேல் போட முடியாது என்று கணக்குத் தொடங்கிய அன்றே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அதை ஏற்றக் கேட்டால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. கை மீறுகிறது என்று நினைப்பவர்கள் கேம்ஸ்டாப் என்ற சேவையில் பதிவு செய்தால் உரிமம் பெற்ற அத்தனை தளங்களும் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடும். ரேக் என்று ஒன்று இருப்பதால் மேசையில் வந்த பணம் முழுவதும் மேசைக்குத் திரும்புவதில்லை. ஆகவே நீண்ட ஓட்டத்தில் ஜெயிப்பவர்கள் சிறுபான்மைதான். சம்பாதிக்க வருகிறவர்களுக்கு இந்த மேசையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யோசிப்பதில் ஆசை உள்ளவர்களுக்குக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலி போட்டுக் கொடுப்பேன்.

இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுத் தமிழ்நாட்டில் குடும்பங்கள் குலைந்தன, அதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு 2022இல் குழு அமைத்தது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமில்லாமல் தடை செய்திருக்கிறது. குறுக்கு வழியில் வெளிநாட்டுத் தளம் எதற்குள்ளும் நுழையாதீர்கள். அங்கே உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அதற்காக இந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு சீட்டுக்கட்டு, நாலைந்து நண்பர்கள், ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டை. ஆளுக்கு நூறு கொட்டை எண்ணிக் கொடுங்கள். பிளைண்ட் ஒன்று, இரண்டு. கொட்டை தீர்ந்தவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது, அன்றைய ஆட்டம் அவருக்கு அத்தோடு சரி. இந்த ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள், பிளஃப் தானாக வேலை செய்யும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.