திருச்சபைகளின் அரசியல்: யாருக்கான சமூக நீதி?

ஆகஸ்ட் 10ஆம் தேதியைத் திருச்சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1950இல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. மதத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை கொடுத்தும் அரசு அசையவில்லை. சேரியில் பிறந்த கிறித்தவன் என்கிற முறையில் இந்தப் போராட்டத்தோடு எனக்கு எந்த முரண்பாடும் கிடையாது. என் கேள்வி வேற. நீதி கேட்டு டெல்லிக்குப் போன கிறித்தவ சமூகத்திலிருந்தே சில அமைப்புகள், இன்னொரு சனத்துக்கு நீதி கிடைக்கக் கூடாதுன்னு அதே டெல்லியில் வாதாடினது எப்படி?

தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளியாக்கிய 377ஆம் பிரிவை 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் மட்டுப்படுத்தியது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலத் திருச்சபைகள் கூட்டமைப்பு உண்டு, உத்கல் கிறித்தவ மன்றம் உண்டு. அதே வரிசையில் நின்ற இன்னொரு கட்சியின் பெயர் கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா. பெயரிலேயே மனுவை வைத்திருப்பவனோடு சேர்ந்து சிலுவைக்காரர் கேட்டது என்ன? நம்ம நாட்டில் சிலரை ஜெயிலுக்கு அனுப்பும் அதிகாரம். 2013 டிசம்பர் 11இல் அது கிடைத்தது. 2018 செப்டம்பர் 6இல்தான் போனது. அந்த வழக்கிலும் சில சபை அமைப்புகள் எதிர்த்தே வாதாடின. எல்லாரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாகணும். தன்பாலீர்ப்பாளரைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் 2013இல் அறிவித்தார். ஆனால் அந்தச் சொல் ஆயர் இல்லத்திலிருந்து எங்க தெருக் கோயில் பிரசங்க மேடைவரை இறங்கி வரவில்லை.

எங்க திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் ஏறும் நேரத்தில் அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து ஆடிவிட்டு, சில நிமிடத்தில் உள்ளே போய்விடுவார். பாதி ஆண், பாதி பெண். லட்சக்கணக்கான சனம் அரோகரா போடும். அந்தக் கூட்டமே பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கை நீட்டுகிற திருநங்கையைக் கண்டால் ஒதுங்கி நடக்கும். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய 2023 ஜனவரி 30வரை ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு. இப்படி அடைத்த கதவுகளைப் பார்த்துத்தான் நம்ம முன்னோர் மிஷன் பக்கம் போனாங்க. அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. அந்தக் கதவுக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்ததை எறையூர் காட்டியது. 2008இல் அங்கே தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டபோது அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறித்தவர்களே.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஞானஸ்நானம் வாங்கினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். 2015இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித் திருநங்கை என்ன செய்வார்? எஸ்.சி. சான்றிதழை வைத்துக்கொண்டால் திருநங்கை என்பதற்குத் தனி இடம் இல்லை. திருநங்கை என்று போனால் சாதிக் கொடுமை கணக்கில் வராது. இதைப் பிடித்தால் அது போச்சு. கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் எல்லாப் பிரிவுக்குள்ளும் உள் ஒதுக்கீடாகக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டது இதனால்தான். பாலினம் சாதி ஆகாது என்று சொல்லி, 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் அந்தக் கோரிக்கையின் பக்கம் தீர்ப்பளித்தது. நமக்கு நடந்ததும் இதே தந்திரம்தானே? மதத்தைக் காட்டிச் சாதியை அழித்தான், இங்கே பாலினத்தைக் காட்டி அழிக்கிறான். சேரியில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, திருநங்கையாக வாழ்கிற ஒருத்தி இரண்டு பக்கமும் அழிக்கப்படுகிறாள்.

நம் தோழர்களிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. ‘இதெல்லாம் பட்டணத்து மேல்சாதிக்காரன் சமாச்சாரம், முதல்ல எஸ்.சி. அந்தஸ்து வாங்குவோம், அப்புறம் பாக்கலாம்’ என்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இலேயே வந்துவிட்டது. அதை எழுதியவர் தலித் திருநங்கை. பிறகும் இது மேல்சாதி சமாச்சாரம் என்பது வாசிக்காத சோம்பேறித்தனம். ‘அப்புறம்’ என்கிற சொல்லும் நமக்குப் புதுசா? 1950இலிருந்து நம்மிடம் சொல்லப்படுவதே அதுதான். நம் பெண்களிடம் நாமே அதைச் சொன்னோம். வரிசையை யார் போடுகிறார்கள், கடைசியில் யாரை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் அதிகாரம் எங்கே இருக்குன்னு தெரிந்துவிடும்.

வேதத்தில் இப்படி எழுதியிருக்கே என்பார்கள். அடிமைகளே எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்றும் பவுல் நிருபத்தில் எழுதியிருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்று நாம் கற்றுக்கொண்டோம், நம் உடம்பில் விழுந்த அடியிலிருந்து. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. பாலினம் என்பதில் பாலின அடையாளமும் அடங்கும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. அந்த வரியிலிருந்து மதத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியை அரசிடமே விட்டுவிட்டு வர சபைக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த ஆகஸ்ட் 10க்கு ஆயர்கள் கொடுக்கும் கோரிக்கை மனுவில் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் கிடைமட்ட இடஒதுக்கீடு என்று ஒரு வரி இருக்கட்டும். 377க்காகப் பேசிய சபை அமைப்புகள் அந்த வாதத்தைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறட்டும். திருநங்கைக்கு நற்கருணையிலும் கல்லறையிலும் எந்த இடம் என்பதைப் பங்குப் பேரவையில் பேசட்டும். அதுவரை சபையின் சமூக நீதிப் பிரசங்கத்தைக் கேள்வி கேட்காமல் நம்ம சனம் ஏற்கத் தேவையில்லை.