பிரதிகளில் கண்ட கிரேக்கம்: புதுச்செவ்வியல் கலை குறித்து

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோம் நகரில் உருப்பெற்று ஐரோப்பாவெங்கும் அமெரிக்காவிலும் பரவிய புதுச்செவ்வியல் கலை, பண்டைய கிரேக்க, ரோமானியக் கலைகளின் வடிவ ஒழுங்கைத் தன் காலத்திற்கும் உரியதாக்க முயன்ற இயக்கமாகும். எரிமலைச் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பேயியில் 1748இலும் தொடங்கிய அகழாய்வுகள் அதற்கு ஊக்கம் தந்தன; யோஹான் வின்கெல்மான் 1764இல் வெளியிட்ட பண்டைக்கலை வரலாற்று நூல் கோட்பாடு தந்தது. ஆனால் கிரேக்கக் கலையின் மேன்மையை அத்தனை உறுதியோடு எழுதிய வின்கெல்மான் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை; ரோமில் அவர் கண்டு வியந்த சிற்பங்களுள் பெரும்பாலானவை ரோமானியர் காலத்துப் பிரதிகள். இயக்கத்தின் வலிமையும் குறையும் இங்கிருந்தே பிறக்கின்றன. பளிங்குப் பிரதிகள், பாரிஸ் சாந்து வார்ப்புகள், செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் ஆகியவற்றின் வழியே மூலத்தை அறிந்தவர்களுக்கு, அவற்றில் கண்ட வண்ணமின்மையும் கூரிய புறக்கோடும் பண்டைக் கலையின் இயல்புகளாகவே தோன்றின.

அந்தப் புறக்கோட்டின் ஆற்றலை முழுமையாகக் காட்டிய ஓவியம், ழாக் லூயி தாவித் 1784இல் ரோமில் தீட்டி மறு ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த ‘ஹொரேஷியர்களின் சூளுரை’. மூன்று வளைவுகள் கொண்ட எளிய மண்டபத்தின் முன், நடுவில் தந்தை மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்க, இடப்புறம் மூன்று மகன்கள் கைநீட்டிச் சூளுரைக்கின்றனர்; வலப்புறம் பெண்கள் துயரில் துவண்டு சாய்ந்திருக்கின்றனர். புடைப்புச் சிற்பத்தில் அமைவதுபோல உருவங்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் நிற்கின்றன. தூரிகைத் தடம் தெரியாதபடி வண்ணப்பரப்பு வழவழப்பாக்கப்பட்டுள்ளது. இந்த இறுக்கம் வறட்சியாகிவிடவில்லை. கடமையின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதை ஆண்களின் நேர்கோடுகளும் பெண்களின் வளைகோடுகளும் சொற்களின்றிச் சொல்லிவிடுகின்றன. குடியரசின் அறைகூவலாகப் பிற்காலத்தில் வாசிக்கப்பட்ட இந்தப் படம் அரச நிர்வாகத்தின் பணத்தில் வரையப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

சிற்பத்தில் அந்தோனியோ கனோவா முதலில் களிமண்ணிலும், அதிலிருந்து முழு அளவில் சாந்திலும் உருவை அமைத்து, அச்சாந்து உருவில் சிறு உலோக முனைகளைப் பதித்து, அளவுகளைப் பளிங்குக்கு மாற்றுவார்; உதவியாளர்கள் கல்லைக் கொத்தி முடித்தபின் மேற்பரப்பின் இறுதி வேலை அவருடையது. ஆணிமுனைகள் தாங்கிய அந்த உருவங்களை அவர் பிறந்த பொசாஞோவில் இன்றும் காணலாம். கனோவா தூய வெண்மையோடு நின்றுவிட்டவரல்லர். ‘ஹீபி’ சிற்பத்திற்கு அவர் மெல்லிய செம்மை ஏற்றியதைச் சமகாலத்தவர் சிலர் குறை கூறினர். கிரேக்கச் சிற்பங்கள் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன என்பதைக் கத்ர்மேர் த கேன்ஸி 1815இல் விரிவாக எழுதிய பின்னரும் வெண்பளிங்கின் மீதான பற்று தளரவில்லை. ரோமில் ஜான் ஃபிளாக்ஸ்மன் ஹோமரின் காப்பியங்களுக்கு நிழலே இல்லாத கோட்டோவியங்கள் வரைந்தார்; மரணப்படுக்கையிலிருந்த பாதிரியார் சுவார்ட்ஸை சரபோஜி மன்னர் காண வருவதை அவர் வடித்த பளிங்குப் புடைப்புச் சிற்பம் தஞ்சாவூர்த் தேவாலயத்தில் உள்ளது.

கட்டடக்கலையிலும் மூலத்திற்கு முன் பிரதியே வந்து சேர்ந்தது. தாமஸ் ஜெஃபர்சன், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிளெரிஸோவின் உதவியோடு, நீம் நகரின் ரோமானியக் கோயிலான மேசோன் காரேயை முன்மாதிரியாகக் கொண்டு வர்ஜீனியா மாநில அவைக் கட்டடத்தைத் திட்டமிட்டு, அதன் சாந்து மாதிரியைப் பாரிஸிலிருந்து அனுப்பிவைத்தார். திட்டமிடல் 1785இல் தொடங்கியது. அந்தக் கோயிலை அவர் நேரில் பார்த்ததோ 1787இல்தான். இலைவேலைப்பாடுள்ள கொரிந்தியத் தூண்தலைகளுக்கு மாற்றாக, சுருள் வடிவ அயோனியத் தூண்தலைகளையும் அவர் தேர்ந்தார். ஏதென்ஸின் குடியாட்சியையும் ரோமின் குடியரசையும் நினைவூட்டிய இவ்வடிவங்களை விரும்பிய அதே மனிதர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். பின்னர் அவர் வடிவமைத்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை எழுப்பியதில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது.

இந்த முரண் அமெரிக்கச் சிற்பத்தில் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. ஹிராம் பவர்ஸ் துருக்கியரிடம் சிறைப்பட்ட பெண்ணாக வடித்த ‘கிரேக்க அடிமை’, 1847 முதல் அமெரிக்க நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது திரளானோர் வந்து பார்த்தனர். பளிங்குப் பெண்ணுக்காக இரங்குவோர் தம் நாட்டின் சந்தைகளில் விற்கப்படும் பெண்களுக்கு ஏன் இரங்கவில்லை என்று அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் கேட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, ஆப்பிரிக்க, ஒஜிப்வே மரபில் பிறந்து ரோமில் பணியாற்றிய எட்மோனியா லூயிஸ், 1867இல் முடித்த ‘என்றென்றும் விடுதலை’ என்னும் சிற்பத்தில், அறுந்த சங்கிலியோடு கையுயர்த்தி நிற்கும் ஆணையும் அருகே மண்டியிட்ட பெண்ணையும் அதே வெண்பளிங்கில் செதுக்கினார். இயக்கத்தின் மூலவர்கள் எண்ணிப் பார்த்திராத மனிதர்களை அதன் சொந்தக் கல்லுக்குள் கொண்டுவந்தவர் என்ற வகையில், இத்துறையின் வரலாற்றில் கனோவாவுக்கு ஒதுக்கப்படும் பக்கங்களுக்கு நிகரான கவனம் லூயிஸுக்கும் உரியது.