ரத வீதியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் தேர் வரும்போது, வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்து நிற்பவர்களை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கைவேலை. தேரோட்டம் இல்லாத நாட்களில் அதே வீதியில் பால்கோவாக் கடை வாசலில் ஒரு காலும் சாலையில் ஒரு காலுமாக நிற்கும் கூட்டத்தைக் கடந்து ஒரு டர்போ கார் ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டை போட ஆள் கிடையாது. அந்த வேலை முழுவதையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத கிளட்ச் பிளேட் தனியாகப் பார்க்கிறது.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். தமிழில் எழுதினால் பெயரே சொந்தம் கொண்டாடுகிறது. ஃபெராரி, போர்ஷே அளவுக்கு இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் மாதத் தவணை கட்டி வாங்கக்கூடிய வேகமான வண்டி எது என்று கேட்டால், பட்டியலில் இது நிச்சயம் இருக்கும். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் கார். 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் எஞ்சின். 120 பிஎஸ் சக்தி, 172 நியூட்டன் மீட்டர் டார்க். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இறுக்கமான சஸ்பென்ஷன், பின்னால் இரட்டைக் குழாய் வைத்து உறுமும் சைலன்சர். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 9.9 விநாடியில் எட்டும் என்கிறது நிறுவனம்.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்தக் காரில் சுவாரசியமே அதன் கிளட்ச் கதைதான். 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது இரண்டு வகை இருந்தன. ஒன்று ஐஎம்டி: கியரை ஓட்டுபவரே மாற்ற வேண்டும், ஆனால் கிளட்ச் பெடல் கிடையாது. கியர் லிவரில் உள்ள சென்சார் கையின் நோக்கத்தை உணர்ந்து தகவல் சொல்ல, கிளட்ச்சைத் திறந்து மூடும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்யும். இன்னொன்று ஏழு கியர் கொண்ட டிசிடி: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச். 2023 செப்டம்பரில் வந்த புதுப்பித்த மாடலில் ஐஎம்டியைத் தூக்கிவிட்டு, மூன்று பெடல் வைத்த பழைய ஆறு கியர் மேனுவலைக் கொண்டுவந்தார்கள். காலால் கிளட்ச் மிதித்துப் பழகிய ஆர்வலர்களுக்கு அது தீபாவளி. ஒரே எஞ்சின், இரண்டே ஆண்டில் மூன்று விதமான கிளட்ச். எது இந்த ஊர்ச் சாலைக்குத் தாங்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர் பெரிதாக இருந்தாலும், இரண்டு ஊருக்குள்ளும் அது கடைத்தெருதான். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து சங்கரன்கோவில் முக்கு வரை போக, பள்ளி விடும் நேரமும் மில் ஷிப்ட் மாறும் நேரமும் சேர்ந்துகொண்டால், பொறுமையே பெரிய கியர். ராஜபாளையம் நாயைச் சங்கிலியில் கட்டிச் சந்தைக்குள் நடத்திப்போவது போலத்தான் இந்தக் காரை இங்கே ஓட்டுவதும்.

மேனுவல் மாடலின் பெடல் இலகுவானது, கால் வலிப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முழு டார்க்கும் 1,500 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கிறது. அதற்குக் கீழே மூன்று சிலிண்டர் எஞ்சின் கொஞ்சம் சோம்பல். அந்தச் சோம்பலைச் சமாளிக்க இடது கால் தன்னையறியாமல் ஹாஃப் கிளட்ச்சில் போய் நிற்கிறது. முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை முழுதாக விட்டால் இந்த அளவுக் கார் மணிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வேகத்தில் தானாக நகரும். அதாவது நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம் வேகம். முன்னால் போகும் கூட்டம் அதைவிட மெதுவாகப் போனால், கிளட்ச்சை வழுக்கவிட்டே ஆக வேண்டும். வேறு வழி இல்லை. ரத வீதியில் கூட்டம் பெரும்பாலும் அதைவிட மெதுவாகத்தான் போகிறது.

வழுக்கல் என்றால் உரசல்; உரசல் என்றால் சூடு. கிளட்ச் பிளேட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் லைனிங், கண்ணாடி இழையும் செம்புக் கம்பியும் பிசினும் கலந்தது. சூடு ஏறினால் முதலில் கருகுவது பிசின். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். இதில் பஞ்சு ஊர்க்காரர்களுக்கு ஒரு சிறு உரிமையும் உண்டு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் உராய்வுப் பட்டைகளைச் செய்யத் தொடங்கியபோது அவருடைய மூலப்பொருள் பருத்திதான். பருத்தி நெசவைத் தார்க் கரைசலில் ஊறவைத்துச் செய்தார். சூட்டுக்குப் பருத்தி தாங்காததால் பின்னர் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்த பிறகு அதுவும் போய், இன்றைய கலவைகள் வந்தன.

சமவெளியில் ஊர்வது ஒரு சோதனை என்றால், மேட்டில் ஊர்வது அதைவிடக் கடுமையான தேர்வு. அதற்கு இதே சாலையில் தெற்கே போக வேண்டும். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை கடந்தால் ஆரியங்காவு கணவாய் ஏறும் முன் புளியரை எஸ் வளைவு. கேரளாவுக்குக் கனிமம் ஏற்றிப்போகும் லாரிகள் சோதனைச் சாவடியை ஒட்டி வரிசை கட்டினால், பின்னால் வரும் கார் சரிவில் நின்று நின்று ஏற வேண்டும். குற்றால சீசனில் கேட்கவே வேண்டாம். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று: பிரேக் மிதிக்காமல், கிளட்ச்சையும் ஆக்சிலரேட்டரையும் சமன் செய்து வண்டியைச் சரிவிலேயே அந்தரத்தில் நிறுத்துவது. பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 1,200 கிலோ எடை, நூறு அடிக்குப் பத்தடி ஏறும் சரிவு, எஞ்சின் 1,500 சுற்று. கிளட்ச்சுக்குள் உருவாகும் சூடு மூன்றரைக் கிலோவாட் அளவுக்கு வருகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் உள்ளே வைத்து மூடியதற்குச் சமம். சமதளத்தில் முதல் கியரில் ஒருமுறை கிளம்ப ஆகும் தேய்மானம், சரிவில் இப்படி மூன்றே விநாடி நின்றால் ஆகிவிடுகிறது. இந்தக் காரில் ஹில் அசிஸ்ட் இருக்கிறது; பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் ஓரிரு விநாடி வண்டியைப் பிடித்துவைக்கும். அதை நம்பலாம்.

டிசிடி மாடல் ஓட்டுவதற்கு இன்பமானது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. செங்கோட்டைச் சாலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலைத் தட்டினால் கியர் விழும் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடு கொடுக்காது. ஆனால் இதன் இரண்டு கிளட்ச்சும் உலர் வகை. எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச்சுக்கு எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்ச்சுக்குக் காற்றுதான் கதி. ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே மேட்டில் வண்டியை நிறுத்தினால், உள்ளே நடப்பது அதே ஹாஃப் கிளட்ச்தான். காலுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஹூண்டாயின் கையேடே இதைச் சொல்கிறது. சரிவில் இப்படிச் செய்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வரும். சூடு இன்னும் ஏறினால், வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஆறவிடச் சொல்லும். டிசிடி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்?

இனி காசு. 2023-ல் புதுப்பித்த மாடல் வந்தபோது ஷோரூம் விலை 9.99 லட்சத்தில் தொடங்கி 12.32 லட்சம் வரை போனது. ஒரே வகையில் மேனுவலுக்கும் டிசிடிக்கும் வித்தியாசம் அப்போது சுமார் 1.10 லட்சம். அதை வாங்கும்போதே கொடுத்துவிடுகிறோம். பின்னால் வரும் செலவைத்தான் யாரும் பேசுவதில்லை. கிளட்ச் தேய்மானத்தைப் பொதுவாக எந்த நிறுவனமும் வாரண்டியில் சேர்ப்பதில்லை. டயர், பிரேக் பேட் போல அது தேயும் பொருள் கணக்கு. சாதாரண மேனுவல் ஹேட்ச்பேக்குக்குப் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்ந்த செட்டை வெளி ஒர்க்‌ஷாப்பில் லேபரோடு பத்தாயிரத்தை ஒட்டி மாற்றிவிடலாம். டர்போ வண்டிக்கு அதற்கு மேல் ஆகும். ஃபிளைவீல் முகம் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தால் இன்னும் கூடும். எப்படிப் பார்த்தாலும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். டிசிடியில் அதே வேலைக்கு இரட்டை கிளட்ச் தொகுப்பு, தனிக் கருவிகள், மாட்டிய பின் கம்ப்யூட்டரில் கிளட்ச்சுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை எல்லாம் சேர்ந்து, மேனுவல் செலவின் பல மடங்கு ஆகிறது. மதுரை வரை வண்டியைக் கொண்டுபோக வேண்டியும் வரலாம்.

மேனுவல் கிளட்ச் என்றால் தமிழ்நாட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. ஓசூரில் லூக், சென்னையில் அமால்கமேஷன்ஸ் ரெப்கோ என்று கிளட்ச் செய்யும் ஆலைகளே இங்கே இருக்கின்றன. பிளேட் மாற்றத் தெரிந்த கை ஊருக்கு ஊர் உண்டு.

நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் உலகில் இந்தக் கணக்கு தலைசுற்ற வைக்கும். 2008-ல் அமெரிக்காவில் நிசான் ஜிடி-ஆர் வாங்கிய சிலர், மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு லாஞ்ச் கன்ட்ரோலில் சீறிப் பாய்ந்து, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸை உடைத்துக்கொண்டார்கள். வாரண்டி இல்லை என்று கைவிரிக்கப்பட்டபோது புதுப் பெட்டிக்குச் சொல்லப்பட்ட விலை சுமார் 20,000 டாலர். இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் ரேசிங் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது நினைவிருக்கும். அந்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் கிளட்ச் பெடல் வண்டி கிளம்பவும் நிற்கவும் மட்டும்தான். ஓடும்போது கியர் மாற்றுவது பேடில். ஒருநாள் முழுக்க ஓடினாலும் அந்த கிளட்ச் வழுக்குவது பிட்டிலிருந்து வெளியேறும் சில நொடிகள்தான். ரத வீதியை நாலு சுற்றுச் சுற்றும் வண்டி அதைவிட அதிகமாக வழுக்கும்.

தீர்ப்பு இதுதான். ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர், தானே ஓட்டுகிறவர் என்றால் மேனுவல். மிச்சமாகும் பணத்தில் இரண்டு மூன்று முறை கிளட்ச் மாற்றிவிடலாம். வாரத்தில் பல நாள் மதுரை, திருநெல்வேலி என்று நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் டிசிடி எடுக்கலாம். கூட்டம் நெரியும் புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் பக்கமோ, ஆடி அமாவாசைக்கு மலையடிவாரத் தாணிப்பாறைப் பக்கமோ போகும்போது வேறு வண்டியில் போவது நல்லது. கைமாறி வரும் 2021, 2022 ஐஎம்டி விலை குறைந்து கிடைத்தால் மோசமில்லை. ஆக்சுவேட்டர் பழுது இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பழைய மேனுவல் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்தபடி மூன்றாம் கியர் போட்டு கிளட்ச்சை மெல்ல விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துவிட்டது; அதை மாற்றும் செலவைச் சொன்ன விலையில் கழித்துக் கேளுங்கள். இந்தச் சோதனை ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.