வாய்க்காலைத் தாண்டாத கூட்டம்

புதுச்சேரிக்குக் கூட்டம் வரவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே ஈசிஆரில் சென்னை வண்டிகளும் திண்டிவனம் வழியாக பெங்களூர் வண்டிகளும் வரிசை கட்டுகின்றன. சனி, ஞாயிறில் ஒயிட் டவுனில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கடலோர ஊர் ஒன்று தன் நடுவூருக்கு ஆள் வரவழைக்க என்னென்ன செய்யுமோ அநேகமாக எல்லாவற்றையும் கடந்த இருபது ஆண்டுகளில் புதுவை செய்து பார்த்துவிட்டது. தெருவை நடப்பவருக்குக் கொடுத்தது, மணலை மீட்டது, இடிந்த கட்டடத்தை எழுப்பியது, பழைய வீடுகளுக்கு வண்ணம் அடித்தது. இவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சீர்தூக்க ஒரே ஓர் அளவுகோல் போதும்: வந்தவர் கையிலிருந்த பணம் யார் கல்லாவில் விழுந்தது?

இதற்கு ஊரின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து மேற்கே நாலைந்து தெரு தாண்டினால் பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அதற்குக் கிழக்கே வெள்ளையர் (இன்றைய ஒயிட் டவுன்), மேற்கே தமிழர். கூட்டமெல்லாம் கிழக்கே. நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, காந்தி வீதி, பெரிய மார்க்கெட் என்று கடைகளெல்லாம் மேற்கே. கடற்கரைக் காந்தி சிலையிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தால் ஒரு கிலோமீட்டர் இருக்கும். வார இறுதியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு கிலோமீட்டரை நடப்பதில்லை.

செய்தவற்றில் மிகச் சிறந்தது மிக மலிவானதுதான். தினமும் மாலை ஆறு மணிக்குப் பீச் ரோட்டின் இரு முனையிலும் தடுப்பை இழுத்து வைக்கிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு வண்டி கிடையாது. பத்து நிமிடத்தில் ரோட்டின் நடுவே குழந்தைகள் ஓடுகிறார்கள். விடிகாலையில் அதே ரோட்டில் ஓய்வுபெற்றவர்கள் கைவீசி நடக்கிறார்கள். கடல் பார்க்கக் காசு வேண்டாம், உட்காரக் கஃபே வேண்டாம். ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே இடத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இந்த ஊரில் இது ஒன்றுதான். குறையும் இல்லாமல் இல்லை. பீச் ரோட்டுக்குள் நுழைய முடியாத கார்கள் துய்மா வீதியிலும் ரோமேன் ரோலன் வீதியிலும் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தடுப்பைக் கடலோரத்தில் வைத்தவர்கள் அந்த வண்டிகள் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. நேரு வீதியில் பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் வண்டி நிறுத்த வசதி உண்டு. வெளியூர் கார்களை அங்கே நிறுத்தச் சொல்லி, வந்தவர்களை நடக்கவைத்தால் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் என்று கடைகளைக் கடந்தே தீர வேண்டும். காரை அறை வாசல்வரை ஓட்டிவர விட்டுவிட்டு நேரு வீதிக்கு ஆள் வரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

மணல் விவகாரம் இன்னும் சிக்கலானது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. நகரத்துக் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்டிய சுவர்தான் மிஞ்சியது. முப்பது வயதுக்குள் இருந்த பாண்டிக்காரர்களுக்குப் 'பீச்' என்றால் கல். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. மணல் திரும்ப வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர்கள் இருந்திருக்க முடியாது. இது அலங்கார வேலை இல்லை. மனிதன் செய்த கேட்டை மனிதனே ஓரளவு சரிக்கட்டியது. ஆனால் துறைமுக வாயில் தேங்கும் மணலைத் தொடர்ந்து தோண்டி வடக்கே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதை ஒழுங்காகச் செய்யாதவரை அரிப்பு வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு மீனவர் குப்பங்களின் தலையில் விடிகிறது. நகரத்துக்கு லாபம், குப்பத்துக்கு நஷ்டம் என்று முடியும் ஒரு திட்டத்துக்கு நான் பாதி மார்க்குக்கு மேல் போடமாட்டேன்.

மேரி கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1870களின் தொடக்கத்தில் கட்டிய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது. உலக வங்கிக் கடனில், முன்பு இருந்ததைப் போலவே எழுப்பி 2021இல் திறந்தார்கள். வெள்ளைத் தூண்களோடு கடலைப் பார்த்து அழகாக நிற்கிறது. முன்பு பிறப்புச் சான்றிதழ் வாங்க, வரி கட்ட, மேஸ்திரி முதல் முதலியார்வரை அந்தப் படியேறிப் போனார்கள். இப்போது அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் வேலை நடக்காத கட்டடம் எத்தனை அழகானாலும் பின்திரைதான்.

பின்திரை வியாபாரம் பக்கத்துத் தெருக்களில் இன்னும் மும்முரம். ஒயிட் டவுனின் மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை நின்றால் தெரியும். காகிதப்பூ சொரியும் கதவுக்கு எதிரே ஒரு ஜோடி, அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருக்கும் இன்னொரு ஜோடி, தெருவோரம் வாடகை ஸ்கூட்டர்கள். வீட்டுக்காரர் பால் வாங்க வெளியே வந்தால் "சார், ஒரு நிமிஷம்" என்கிறார்கள். குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதி, கஃபே, பொட்டீக் என்று மாறிவிட்டன. கடை வந்திருக்கிறதே, இதுதானே கேட்டது என்று சொல்லலாம். வந்தது உண்மை. காபி விலையைப் பார்த்துவிட்டு உள்ளூர்க்காரர் நுழையத் தயங்கும் கடைகள். அந்தத் தெருக்களில் சீப்பு வாழைப்பழமோ ஒரு தீப்பெட்டியோ வாங்கக் கடை தேடிப் பாருங்கள். திங்கட்கிழமை மதியம் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். வாரத்தில் இரண்டரை நாள் மட்டும் மூச்சுவிடும் கடைத்தெருவை நடுவூர் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

வாய்க்காலுக்கு மேற்கே ஒரே ஒரு நல்ல முயற்சி நடந்தது. வைசியாள் வீதியில் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தமிழ் வீடுகளின் திண்ணை, தாழ்வாரம், மரத்தூண்களைச் சீர்படுத்தின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. வெயிலில் நடப்பவன் ஒதுங்க நிழல், உட்காரத் திண்ணை என்று தமிழ்த் தெருவிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு வசதிகளை அந்த வேலை மீட்டுக் கொடுத்தது. ஆளை மேற்கே இழுக்க இதைவிட நல்ல தூண்டில் இல்லை. ஒரு தெருவோடு கிட்டத்தட்ட நின்றுபோனதுதான் வருத்தம். மாதிரி என்று காட்டிய தெரு மாதிரியாகவே இருக்கிறது.

இனி, பேசப்படாத சங்கதி ஒன்று. ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் பாண்டிக்கு வந்ததே கடைக்காகத்தான். பல சாமான்களுக்கு விற்பனை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூரிலும் விழுப்புரத்திலும் இருந்து மிக்சி, டிவி, ஜவுளி, பாத்திரம் வாங்க பஸ் ஏறி வந்தார்கள். கூடவே கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி வித்தியாசம் ஒரே ராத்திரியில் போயிற்று. ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றது மது. அதில் பாண்டியின் சலுகை நீடிக்கிறது. மிக்சி வாங்க வந்தவரை இழந்தோம், குடிக்க வந்தவரைத் தக்கவைத்துக்கொண்டோம். நேரு வீதி இளைத்ததற்கு ஆன்லைன் வியாபாரத்தையும் நகருக்கு வெளியே வந்த மால்களையும் காரணம் காட்டுகிறார்கள். அவையும் காரணங்கள்தான். ஆனால் வரியால் வந்த கூட்டம் வரி போனதும் கலைந்தது என்ற எளிய கணக்கை யாரும் கையிலெடுப்பதில்லை. எடுத்தால், மலிவு போன பிறகு எதைக் காட்டிக் கூப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

இத்தனைக்கும் அந்தப் பழைய வாடிக்கை முழுசாக அறுந்துவிடவில்லை. கல்யாணச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு வரும் பாகூர்க்காரர்கள், பண்டிகைக்கு முன் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகும் மரக்காணத்துக்காரர்கள், ஞாயிறன்று காந்தி வீதி நெடுக விரியும் சண்டே மார்க்கெட்டில் நூறு ரூபாய்ச் சட்டைக்குப் பேரம் பேசும் பையன்கள், இவர்கள்தான் வாய்க்காலுக்கு மேற்கே கல்லாவை நிரப்புகிறவர்கள். அறை எடுக்காமல் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விடுவதால் சுற்றுலாக் கணக்கில் இவர்கள் வருவதில்லை. திட்டத்திலும் வருவதில்லை. கைக்குழந்தையோடு வரும் ஒரு பெண்ணுக்கு நேரு வீதியில் உட்கார ஒரு பெஞ்சு, ஒதுங்கச் சுத்தமான ஒரு கழிப்பறை, சாமானை இறக்கிவைக்க ஓர் இடம் உண்டா? அவர் மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தால் பழைய கடைகள் பலவற்றில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், நாலு மணிக்குத்தான் ஏறும். பிரெஞ்சுக் காலத்துப் பகல் தூக்கம் என்று இதைப் பெருமையாகச் சொல்கிறோம். பஸ்ஸுக்குப் போயாக வேண்டியவருக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தக் குற்றத்தை அரசின் தலையில் போட முடியாது. கடைக்காரர்கள்தான் பொறுப்பு.

கடைசியாக, பெரிய மார்க்கெட். குபேர் அங்காடி என்று பலகை சொல்லும். பூ, வாழைத்தார், மளிகை, பித்தளை, காய்கறி, மீன் எல்லாம் சந்து சந்தாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும். மீன் பகுதியில் அருவாமணைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நம் முகத்தைப் பார்த்தே வஞ்சிரம் கேட்கப் போகிறோமா, நெத்திலியோடு நிறுத்திக்கொள்வோமா என்று சொல்லிவிடுவார்கள். ஒட்டியே ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து இந்த ஊரின் அன்றாடத்தை வருடக்கணக்கில் எழுதிவைத்தவரின் வீடு. உலகில் வேறெந்த ஊராயிருந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே காட்டியிருப்பார்கள். இங்கே வாய்க்காலைத் தாண்டி வருகிறவருக்கு வழி காட்டக்கூட உருப்படியான ஏற்பாடில்லை.

இந்த மார்க்கெட்டை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் மொத்தமாக இடித்துக் கட்டலாம், அதுவரை வியாபாரிகள் ரோடியர் மில் திடலுக்குப் போகலாம் என்றார்கள். வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் நியாயமாக நிறுத்துப் பார்க்க வேண்டும். இடிக்கச் சொல்பவர்களிடம் வலுவான காரணங்கள் உண்டு. வடிகால் கெட்டுக் கிடக்கிறது. மழை பெய்தால் சாக்கடையும் காய்கறியும் ஒன்று. தீப்பிடித்தால் வண்டி உள்ளே போக வழியில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. பழமை அழகு என்று இதையெல்லாம் மூடி மறைப்பவர்கள் அங்கே பத்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பவர்களின் வாதம் இதைவிடக் கனமானது. சந்தை வியாபாரம் வாடிக்கையில் நிற்பது. இரண்டு வருடம் வேறு இடத்தில் உட்கார்ந்தால் வாடிக்கை கலைந்துவிடும். திரும்பி வரும்போது பழைய கடை எண், பழைய வாடகை, பழைய அக்கம்பக்கம் கிடைக்கும் என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும். பூக்காரம்மாவின் இரண்டடி இடத்துக்குப் பத்திரம் கிடையாது, புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் அது மறைந்துபோவது சுலபம். பெரிய கடைக்காரர் சமாளித்துக்கொள்வார், விழுவது தரைக்கடைக்காரர்தான். ரோடியர் மில் திடலைக் காட்டியதும் பொருத்தமான குரூரம். அந்தத் திடலுக்கு உரிய, ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஏஎஃப்டி ஆலை 2020இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எதை இடித்தாலும், எதை ஒதுக்கினாலும் தள்ளிவைக்கும் இடமாக அந்தத் திடல் ஆகிவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: மார்க்கெட் மாற வேண்டும், மொத்தமாக இடிக்கக் கூடாது. பகுதி பகுதியாக, ஒரு வரிசையைக் காலி செய்து முடித்துவிட்டு அடுத்த வரிசை என்று, அதே வளாகத்துக்குள்ளேயே நகர்த்திச் செய்ய வேண்டும். முதலில் வடிகாலும் கழிப்பறையும், பிறகு கூரை. முகப்பு கடைசியில். தரைக்கடைகளை இப்போதே எண்ணி, பெயர் எழுதி, இடம் ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதில் செலவும் காலமும் கூடும் என்பார்கள். கூடட்டும். மேரி கட்டடத்தின் தூண்களுக்கு ஆறு வருடத்துக்கு மேல் பொறுத்தோம்.

மற்றபடி பீச் ரோட்டுத் தடுப்புக்கு முழு மதிப்பெண், வைசியாள் வீதிக்கு முழு மதிப்பெண்ணோடு ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி, மணலுக்குப் பாதி, ஒயிட் டவுன் கஃபேக்களுக்குக் கால். மேரி கட்டடத்துக்கு இப்போதைக்கு மதிப்பெண் இல்லை, உள்ளே ஊர் வேலை நடக்கட்டும், பார்க்கலாம். ஆண்டுதோறும் அறிவிக்கும் புதுப்புதுத் திருவிழாக்களும் கப்பல் உல்லாசமும் ஏற்கெனவே நிரம்பி வழியும் சனிக்கிழமையை இன்னும் நிரப்புமே தவிர வேறொன்றும் செய்யப் போவதில்லை. புதுவைக்கு இனி வேண்டியது கூடுதல் ஆள் இல்லை. வந்த ஆள் காந்தி சிலையிலிருந்து பெரிய மார்க்கெட்வரை நிழலில் நடக்க ஒரு நடைபாதை, அதே பாதையில் கடலூர் பஸ்ஸில் வந்த குடும்பம் உட்கார நாலு பெஞ்சு, மதியம் திறந்திருக்கும் கடை. அடுத்த பட்ஜெட்டில் சுற்றுலாவுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை இந்த ஒரு கிலோமீட்டருக்குக் கொடுக்கலாம். வடிகாலுக்கு மேல் ஸ்லாப் போட்டு நடைபாதை என்று பெயர் வைத்து, அதன்மேல் இரு சக்கர வண்டி நிறுத்தும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும்.