காவலில் இருந்த பதினொரு நாள்கள்: டி.என்.ஏ. சான்றும் சட்டத்தின் இடைவெளியும்

தடய அறிவியல் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பல, புதிய கருவிகளின் பட்டியலாக அமைந்து, இறுதிப் பத்தியில் தனியுரிமை பற்றி ஓரிரு வரிகள் கூறி முடிகின்றன. டி.என்.ஏ. சோதனையைப் பொறுத்தவரை இவ்வரிசை பொருந்தாது. சோதனை துல்லியமானதா என்பதைவிட, ஆய்வகத்தை அடைந்த மாதிரி நிகழ்விடத்தில் எடுக்கப்பட்டதுதானா என்பதே நீதிமன்றத்தில் வழக்கைத் தீர்மானிக்கிறது.

தில்லி சாவ்லா வழக்கு இதற்குத் தெளிவான சான்று. 2012 பிப்ரவரி 14, 16 ஆகிய நாள்களில் திரட்டப்பட்ட மாதிரிகள், 27ஆம் நாள்தான் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. இடைப்பட்ட நாள்களில் அவை காவல் நிலையச் சான்றுப்பொருள் அறையிலேயே இருந்தன. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மரணதண்டனை விதித்த அவ்வழக்கில், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. ஆய்வறிக்கையின் அடிப்படையையோ, நுட்பம் முறையாகக் கையாளப்பட்டதா என்பதையோ கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்றும் அது சுட்டியது. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்திற்கு இத்தீர்ப்பு எப்பொருளைத் தந்திருக்கும் என்பது வேறு வினா. அவ்வினாவும் அப்பதினொரு நாள்களிலிருந்தே பிறக்கிறது.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கிலும் மரணதண்டனை பெற்றவர் 2025 ஜூலையில் விடுவிக்கப்பட்டார். மாதிரிகள் 48 மணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறை திறக்கப்படலாகாது, கைமாறும் ஒவ்வொரு நிலையும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் அப்போதுதான் நாடு முழுமைக்கும் நெறிகள் வகுத்தது. டி.என்.ஏ. ஆய்வு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வெளிப்படையாக இடம்பெற்றதோ 2005இல்.

சட்டமியற்றலின் போக்கு இதற்கு நேர்மாறானது. நார்கோ, பொய் கண்டறிதல், மூளை வரைபடச் சோதனைகளைக் கட்டாயப்படுத்துவது அரசமைப்பின் 20(3), 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனச் செல்வி வழக்கு (2010) மனத்திற்கு வேலியிட்டது. உடலுக்கு அத்தகைய வேலி இல்லை. குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022 உயிரியல் மாதிரிகளையும் ‘அளவீடுகள்’ என்பதனுள் அடக்கி, பதிவுகளை 75 ஆண்டுகள் பேண இசைகிறது. விடுவிக்கப்பட்டவரின் பதிவுகளை அழிக்கும் விதி, முன்தண்டனை இல்லாதவர்க்கே உரியது. அதையும் நடுவர் காரணம் எழுதி விலக்கலாம். ஆய்வகங்களை ஒழுங்குபடுத்த வாரியமும் அங்கீகார முறையும் முன்மொழிந்த டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதாவோ 2023இல் திரும்பப் பெறப்பட்டது. தரவு வங்கி பற்றிய அச்சத்தால் அதனை எதிர்த்தவர்களின் வாதம் வலுவானதே. ஆயினும், திரட்டும் அதிகாரம் நிலைபெற்றிருக்க, ஆய்வகத்தின் பொறுப்புடைமை மட்டுமே அதனோடு கைவிடப்பட்டது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கை அவர்தம் வாய்மொழிச் சாட்சியமின்றியே சான்றாகலாம். நிபுணரை அழைப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. அழைத்தாலும், சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய, அறிக்கையின் முடிவு வரி போதாது. மூலத் தரவும் காவல் பதிவேடும் வழக்குக் கோப்பிலேயே அவர் கைக்கு வர வேண்டும்.