கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை மறிக்கும் மருத்துவம்: ஒரு மதிப்பீடு

புதிய இரத்த நாளங்கள் முளைத்து உள்ளே வராவிட்டால் புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்றும், அந்த முளைப்பைத் தடுத்தால் நோயையே அடக்கலாம் என்றும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து, மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் பெரும் நம்பிக்கையை விதைத்தது. அக்கருத்தின் முதற்பாதி உறுதிப்பட்ட அளவுக்கு இரண்டாம் பாதி உறுதிப்படவில்லை.

கட்டியின் உட்புற உயிரணுக்கள் நாளங்களிலிருந்து விலகிப் பிராணவாயுவுக்குத் திணறும்போது, இயல்பான நிலையில் உடனுக்குடன் சிதைக்கப்படும் ஹெச்.ஐ.எஃப்-1 என்னும் புரதம் சிதையாமல் தங்கி, உட்கருவுக்குள் சென்று, வி.இ.ஜி.எஃப். எனப்படும் நாள வளர்ச்சிக் காரணியை உருவாக்கும் மரபணுவை முடுக்கிவிடுகிறது. அக்காரணி அருகிலுள்ள நாளத்தின் உட்சுவர் உயிரணுக்களைத் தொட்டதும், அவற்றுள் ஒன்று முனையணுவாக மாறி, மெல்லிய இழைகளை நீட்டியபடி கட்டியை நோக்கி நகர, பின்னால் வரும் அணுக்கள் பிரிந்து பெருகிக் குழாயாகின்றன. அவசரத்தில் உருவாகும் இக்குழாய்கள் வளைந்து நெளிந்து, சுவர் கசிந்து கிடப்பதால், கட்டிக்கு ஊட்டம் கிடைப்பதோடு புற்றணுக்கள் இரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளுக்குப் பரவவும் வழி திறக்கிறது.

வி.இ.ஜி.எஃப்.-ஐப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதமான பெவாசிசுமாப், இந்த அறிவின் நேரடி விளைவு. பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பக்லிடாக்சல் என்னும் வேதிச்சிகிச்சை மருந்துடன் இதைச் சேர்த்துத் தந்த இ2100 ஆய்வில், நோய் முற்றாதிருக்கும் காலம் 5.9 மாதங்களிலிருந்து 11.8 மாதங்களாக உயர்ந்தது. அதைக் கொண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் விரைவு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதே ஆய்வில் வாழ்நாள் 25.2 மாதங்களிலிருந்து 26.7 மாதங்களாக மட்டுமே நீண்டது. புள்ளியியல் நோக்கில் அது வேறுபாடே அன்று. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர்கள் அறிந்தே நடத்திய ஆய்வு அது என்பதையும் மறக்கலாகாது. போலிமருந்துடன் ஒப்பிட்ட பின்னைய ஆய்வுகளில், நோய் முற்றாதிருக்கும் காலத்தின் கூடுதல்கூட ஒன்று முதல் மூன்று மாதங்களாகச் சுருங்கியது, வாழ்நாள் நீளவில்லை. உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கசிவு, குடலில் துளை ஆகிய தீங்குகளோ மெய்யாகவே நேர்ந்தன.

இம்மருத்துவத்தின் அடிப்படைக் குறை, கட்டியின் பல கருவிகளுள் ஒன்றை மட்டும் மறிப்பதே. மார்பகக் கட்டிகள் முற்றமுற்ற வேறு வளர்ச்சிக் காரணிகளையும் சுரப்பதால், ஒரு வழி அடைபட்டாலும் நாளம் முளைக்க மறுவழி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நாளங்களைப் பற்றிக்கொண்டு வளரவும் கட்டிக்கு இயலும். இதனினும் வருந்தத்தக்கது, எந்த நோயாளிக்கு இம்மருந்து பயன் தரும் என்று முன்கூட்டிக் காட்டும் நம்பத்தக்க சோதனை உருவாகாமற்போனதாகும். சிலர் மெய்யாகவே பயனடைந்திருக்கக்கூடும். ஆனால் அவர்களை இனங்காண முடியாத நிலையில், எல்லோர் மீதும் தீங்கையும் செலவையும் சுமத்துவது நியாயமாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் பக்லிடாக்சலுடனான பயன்பாட்டை அனுமதித்தபோதும், அமெரிக்க நிர்வாகம் பொது விசாரணைக்குப் பின் 2011 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான ஒப்புதலை விலக்கிக்கொண்டது. மருந்தை நம்பியிருந்த பெண்களுக்கு அது பெரும் வேதனை அளித்த முடிவு. ஆயினும், ஸ்கேன் படத்தில் கட்டி சில காலம் நின்றதை நோயாளி கூடுதலாக வாழ்ந்ததற்கு ஈடாகக் கொள்ள மறுத்தமையால், அதுவே சரியான முடிவு.