ஐயோவுக்கு ஓர் இலக்கணம்

"காபியா, டீயா?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம்" என்று யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள் என்பது அந்த இரண்டு ஆகாரங்களிலேயே தெரிந்துவிடும். "காபி, டீ ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் அது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வாக்கியத்தில் ஒட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. குரலின் ஏற்ற இறக்கம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் குரல் ஏது? அதனால்தான் தர்க்கம் படித்தவரிடம் காபி அல்லது டீ வேண்டுமா என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று ஒரு பழைய நகைச்சுவை.

இந்த நகைச்சுவைக்குச் சிரித்ததோடு விட்டுவிடாமல், அதற்கென்றே ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறது லோஜ்பான் என்கிற மொழி. அதில் 'ஜி' என்று ஓர் அசை. காபிக்கும் டீக்கும் நடுவில் அதைப் போட்டுக் கேட்டால், "இந்த இடத்தில் எந்த இணைப்புச் சொல்லை வைத்தால் உன் விருப்பம் உண்மையாகும்?" என்று பொருள். பதிலாக இணைப்புச் சொல்லை மட்டும் சொன்னால் போதும். 'எ' என்றால் இரண்டும் கொண்டு வா. 'நா எ' என்றால் முதலாவது வேண்டாம், இரண்டாவது. 'நா எநை' என்றால் இரண்டுமே வேண்டாம். காபி என்ற சொல்லோ டீ என்ற சொல்லோ பதிலில் கிடையாது. முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு, ஆணி அடிக்காமல் ஆசாரி பொருத்திய மூட்டை விரலால் தடவிப் பார்ப்பது போலத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

லோஜ்பானுக்கு முன்னால் லோக்லான். 1955இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக் கெய்ன்ஸ்வில் ஊரில், ஜேம்ஸ் குக் பிரவுன் என்ற சமூகவியல்காரர் அதைத் தொடங்கினார். பேசும் மொழி மனிதனின் நினைப்பை வளைக்கிறது என்ற சபீர்–வோர்ஃப் கருதுகோள் அப்போது பெரும் பேச்சு. அதை எப்படிச் சோதிப்பது? சீனரையும் ஜெர்மானியரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒப்பிட்டால் மொழியோடு சாப்பாடு, சாமி, சண்டை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். எனவே தர்க்கம் மட்டும் தூக்கலாக உள்ள ஒரு மொழியைச் செய்து, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் சிந்தனை கூர்மையாகிறதா பார்க்கலாம் என்பது பிரவுனின் திட்டம். 1960 ஜூன் மாத 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அதை விவரித்து எழுதினார். ஆர்வலர்கள் தேடி வந்தார்கள். சோதனை மட்டும் நடக்கவே இல்லை. கருவியைத் தீட்டுவதிலேயே எல்லோரும் லயித்துவிட்டார்கள்.

பிரவுனுக்கு இன்னொரு முகம் உண்டு. 'கரியர்ஸ்' என்ற பலகை விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பணம், புகழ், மகிழ்ச்சி மூன்றும் சேர்ந்து 60 புள்ளி வரும்படி ஒவ்வொருவரும் தன் இலக்கைத் தானே எழுதி, மறைத்து வைத்துக்கொண்டு ஆட வேண்டும். அதில் வந்த வருமானம் மொழிக்குச் செலவானது. அவருடைய சொந்த 60இல் பணத்துக்கு எத்தனை போட்டிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

பிழையில்லாத மொழி செய்யும் ஆசை பழசு. 1668இல் இங்கிலாந்தில் ஜான் வில்கின்ஸ் உலகத்துப் பொருள்களையெல்லாம் வகை பிரித்து, வகைக்கு ஓர் எழுத்து கொடுத்தார். 'டெ' என்றால் பூதம், 'டெப்' என்றால் நெருப்பு, 'டெபா' என்றால் சுடர். நூலக அலமாரியில் எண் ஒட்டியது போன்ற மொழி அது. ஓர் எழுத்து காதில் தவறினால் நெருப்பு தண்ணீராகிவிடும். பிரவுன் அந்தப் பக்கமே போகவில்லை. சொற்களுக்குள் உலகத்தை அடுக்கும் வேலையை விட்டுவிட்டு, சொற்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் கைவைத்தார். லோஜ்பானின் அழகு முழுவதும் அந்த மூட்டுகளில்தான் இருக்கிறது.

'க்லாமா' என்ற வேர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். போ, வா இரண்டுக்கும் அதுவே. அதைச் சுற்றி ஐந்து நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கின்றன: யார், எங்கே, எங்கிருந்து, எந்த வழியாக, எதில். ஆள்களை அந்த வரிசையில் உட்கார வைத்தால் போதும். நான் – சந்தை – வீடு – கோயில் தெரு – சைக்கிள் என்று அடுக்கினால் வாக்கியம் முடிந்தது. வேற்றுமை உருபு வேண்டாம். காலம் காட்ட வேண்டுமானால் காட்டலாம், இல்லையென்றால் விடலாம். பெயர், வினை, அடை என்ற சாதிப் பிரிவும் இல்லை. 'நீலம்' என்பதும் 'பூனை' என்பதும் 'போதல்' என்பதும் ஒரே இனம். "அவன் மருத்துவன்" என்று பயனிலையில் வினை இல்லாமல் சொல்லிப் பழகிய நமக்கு இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது.

இந்த மாதிரி வேர்கள் ஏறத்தாழ 1,350. ரோமன் எழுத்தில் எழுதினால் எல்லாம் ஐந்து எழுத்து, எல்லாம் ஒரே அச்சு. சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு ஆகிய ஆறு மொழிகளிலும் ஒரு பொருளுக்கு வழங்கும் சொற்களைக் கணினியில் போட்டு, எல்லோருக்கும் கொஞ்சம் பழகிய ஒலி வரும்படி கடைந்து எடுத்தார்கள். பேசுவோர் தொகைக்கேற்பச் சீனத்துக்கு 36 விழுக்காடு, ஆங்கிலத்துக்கு 21, இந்திக்கு 16 என்று எடை. 'ப்லானு' என்றால் நீலம். லோக்லானிலும் இதே சொல்தான். சீனத்து 'லான்' அதில் முழுசாக இருக்கிறது. ஆங்கில 'புளூ' நடுவில் ஓர் 'அன்' புகுந்த நிலையில் இருக்கிறது. இந்தி 'நீலா'வின் 'லா' இருக்கிறது. அந்த 'லா'வில் நம் நீலத்தின் வாலும் ஆடுகிறது என்று, உரிமை இல்லாவிட்டாலும், நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். ஒரே அச்சில் வார்த்த சொற்களுக்கு ஒரே முகம். பத்து வேர்களை நெட்டுருப் போட்டால் பதினோராவது, ஏற்கெனவே படித்த ஒன்றைப் போலவே இருக்கும். ஊறிப்போன சொல்லுக்கு ஒரு வாசனை உண்டே, அது இவற்றில் இல்லை.

ஆனால் அந்த அச்சு ஒரு காரியம் செய்கிறது. மெய்யெழுத்துக் கூட்டு எங்கே வரலாம், அழுத்தம் எங்கே விழும் என்ற விதிகளால், இடைவெளி விடாமல் கடகடவென்று பேசினாலும் சொல் எங்கே முடிகிறது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எழுதுவதும் அப்படியே, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. அதைத் தமிழ் எழுத்தில் எழுதும் நான் ஒரே 'ப'வில் இரண்டு ஒலிகளை அடைத்துத் துரோகம் செய்துகொண்டிருக்கிறேன். மனிதர் பெயர்கள் மட்டும் மெய்யெழுத்தில் முடிய வேண்டும். முருகனுக்குப் பிரச்சினை இல்லை. வள்ளி வந்தால் 'வள்ளிஸ்' ஆக வேண்டும்.

தர்க்க மொழி என்றதும் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டியிருப்பார்கள் என்று நினைப்போம். நாய், வீடு என்ற இரண்டு வேர்களைப் பக்கத்தில் வைத்தால் 'கெர்கு ஸ்தானி'. நாய்க்குக் கட்டிய வீடா, நாய் போன்ற வீடா, நாய் வளர்க்கிறவர் வீடா? சொல்ல மாட்டோம், கேட்பவர் புரிந்துகொள்ளட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நமக்கு இது தெரிந்த கதை. மரவேலி என்றால் மரத்தாலான வேலியா, மரத்துக்குப் போட்ட வேலியா? இப்படித் தொகையில் நிற்கும் சொற்கள் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கலாம் என்று நன்னூல் கணக்கே சொல்கிறது. லோஜ்பான் செய்த நுட்பமான பிரிவினை இது: எது எதோடு சேர்கிறது என்பதில் மயக்கம் கூடாது, சேர்ந்தபின் என்ன பொருள் என்பதில் மயங்கலாம். 'அழகான சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம்' என்றால் அழகு யாருக்கு, சின்னது எது என்று ஒவ்வொரு கட்டாகப் பிரித்துச் சொல்ல அதில் சிறு அசைகள் உண்டு. மூட்டு இறுக்கம், பலகை இளக்கம். ரசனை தெரிந்தவர்கள் செய்த வேலை.

மனசைப் பறிகொடுத்த இடம் வேறு. உணர்ச்சிக்கு அவர்கள் போட்டிருக்கும் இலக்கணம் அது. 'ஓய்' என்றால் வேதனை, சலிப்பு. நம் ஐயோவின் ஒன்றுவிட்ட தம்பி. அதோடு 'ரோஹோ' சேர்த்தால் உடம்பு வலி: கதவிடுக்கில் விரல் நசுங்கியது. 'ரோஹா' சேர்த்தால் நாலு பேர் முன்னால் பட்ட வேதனை: பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டார்கள். 'ரோஹி' என்றால் நெஞ்சு வலி, மருத்துவர் பார்க்க முடியாதது. 'ருஹே' போட்டால் லேசாக, 'ஷாய்' போட்டால் தாங்க முடியாமல். வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் முழு வாக்கியத்துக்கும் அந்த உணர்ச்சி. ஒரு சொல்லுக்குப் பின்னால் வைத்தால் அந்தச் சொல்லுக்கு மட்டும். "என் தம்பி வந்தான்" என்பதில் தம்பிக்குப் பின்னால் ஓர் 'ஓய்' வைத்துவிட்டால் போதும், குடும்பக் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். யாராவது 'பேய்?' என்று கேட்டால் பயந்துவிடாதீர்கள். மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். மகிழ்ச்சி என்றால் 'உய்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அறிந்த விதத்தைச் சொல்லவும் ஒரு வரிசை இருக்கிறது. 'ஸாஹா' என்றால் கண்ணால் பார்த்தேன். 'ஜாஹோ' என்றால் யோசித்து முடிவுக்கு வந்தேன். 'பேஹி' என்றால் என் அபிப்பிராயம், அவ்வளவே. 'தீஹெ' என்றால் காதில் விழுந்தது. கனவில், அருளில், உள்ளுணர்வில் தெரிந்ததற்குக்கூட 'சேஹோ' என்று தனிச் சொல். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைப் புதையலாகக் கொண்டாடுகிறார்கள். "மாப்பிள்ளைக்கு வேலை போச்சாம்" என்று ஓர் 'ஆம்' விகுதியில் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டுப் போகும் நமக்கு 'தீஹெ' பக்கத்து வீடு. ஒரு விஷயத்தில் மட்டும் நான் தமிழ்க் கட்சி. "பெரிய மனுஷனாம்!" என்று சொல்லும்போது அந்த 'ஆம்' கேள்விப்பட்டதையும் சொல்லி நக்கலும் அடிக்கிறது. தீஹெக்கு அந்த நாக்கு இல்லை.

இன்னும் இரண்டு இடங்களில் நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். 'மிஹோ' என்றால் நானும் நீயும். 'மிஹா' என்றால் நானும் மற்றவர்களும், நீ இல்லை. நாம், நாங்கள். பிறகு 'ஃகூ' என்ற கேள்வி அசை. அது எந்தச் சொல்லின் பின்னால் நிற்கிறதோ அந்தச் சொல்லைத்தான் கேட்கிறது. நேற்றா போனாய், நீயா போனாய், ஊருக்கா போனாய் என்று நம் ஆகாரம் தாவித் தாவி உட்காருகிறதே, அதே ஆட்டம். இத்தனைக்கும் ஆறு மூல மொழிகளில் தமிழ் கிடையாது. சமஸ்கிருதத்துக்கு 'ஸ்ரிதோ', வங்காளத்துக்கு 'பெங்கோ', உருதுவுக்கு 'ஃகுர்தோ' என்று வேர்ச்சொல் இருக்க, தமிழுக்கு அதுவும் இல்லை. கடன் சொல்லாகத்தான் உள்ளே போக வேண்டும்.

மொழியைச் செய்தவர்கள் கதைக்கு வருவோம். லோக்லான் சொற்கள் தன் உடைமை, அனுமதி இல்லாமல் யாரும் பரப்பக் கூடாது என்றார் பிரவுன். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொல்லமைப்பையே அவர் மாற்றியமைத்ததில், பாடுபட்டுப் படித்தவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1987இல் வர்ஜீனியாவில் பாப், நோரா லெஷெவாலியே இருவரும் இன்னும் சிலரும் தர்க்க மொழிக் குழு என்று தனியே பிரிந்தார்கள். இலக்கணத்தின் சாரத்தை வைத்துக்கொண்டு, சச்சரவைத் தவிர்க்க அத்தனை வேர்ச்சொற்களையும் புதிதாகக் கடைந்தார்கள். லோக்லான் என்ற பெயர் யாருக்கும் தனி வணிகச் சின்னம் ஆகாது என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஐயத்துக்கு இடமில்லாத மொழி செய்யக் கிளம்பியவர்கள், அது யாருடையது என்பதற்கு வழக்காடினார்கள்.

1997இல் ஜான் கோவன் எழுதிய முழு இலக்கணம் 21 அத்தியாயங்களில் வந்தது. மொழி மாறிக்கொண்டே இருந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்று, இனிக் கொஞ்ச ஆண்டுகளுக்கு யாரும் கைவைக்கக் கூடாது என உறைய வைத்தார்கள். கைவைக்காமல் இருப்பது இவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இலக்கணம் பேசும் எந்தத் தமிழ்ப் புலவருக்கும் விளங்கும். சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர். ஆனால் 'ஆலிஸின் அற்புத உலகம்' அந்த மொழியில் இருக்கிறது, 'குட்டி இளவரசன்' இருக்கிறது. அவர்களிடம் ஒரு வசைச் சொல்லும் உண்டு: 'மல்க்லிஷோ'. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு லோஜ்பான் சொற்களைப் போட்டு எழுதும் வாக்கியத்தைத் திட்டும் சொல் அது. நம் செய்தித்தாள் மேசைகள் சிலவற்றின் மேல் அந்த ஒற்றைச் சொல்லைப் பலகையில் எழுதி மாட்டலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கோவனின் புத்தகத்தைக் காசில்லாமலே படிக்கலாம். படிக்கத் துணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். நேரே 13ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். ஓய், உய், பேய் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.